ஓடிபி யார் போனுக்குப் போகுதுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் மோசடி பத்தி உங்க பத்திரிகைல வர்ற செய்தியெல்லாம் விடாம படிக்கிறேன், கடைசில டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்ட் போட்டப்புறம் ஓடிபி மாதிரி ரெண்டாவதா ஒண்ணு கேக்கறது) ஆன் பண்ணி வைங்கன்னு ஒரு வரி இருக்கும், நல்ல யோசனைதான், நானும் பாக்கறவங்ககிட்டலாம் அதைத்தான் சொல்றேன். ஆனா எங்க அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் அந்த ஒரு வரி பத்தாதுங்க. இங்க நிறைய வீட்ல ஓடிபி வர்ற நம்பர் அக்கவுண்ட்டுக்காரங்களோடதே கெடையாது. பெங்களூர்ல வேலை பாக்கற பையனோடது, இல்லன்னா மெயில் ஐடி போட்டுக் குடுத்த பிரவுசிங் சென்டர்காரரோடது.

எங்க தெருவுல ஒரு அக்கா ஓசூர் போயி புது போன் வாங்கிட்டு பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு வந்தாங்க. ஜிமெயில் பாஸ்வேர்ட் கரெக்டாதான் போட்டாங்க, உடனே இன்னொரு போன்ல ஆமாம்னு தட்டச் சொல்லுது, அந்த போன்தான் கடைக்குப் போயிடுச்சே. வேற வழி கேட்டா கடைசி ரெண்டு நம்பரை மட்டும் காட்டி மெசேஜ் அனுப்பட்டுமாங்குது, அது யார் நம்பர்னே அவங்களுக்குத் தெரியல, விசாரிச்சா எப்பவோ மெயில் ஓப்பன் பண்ணிக் குடுத்த கடைக்காரர் தன்னோட நம்பரைப் போட்டு வச்சிருக்கார், அவர் கடையைக் காலி பண்ணிட்டே போயிட்டார். மகளோட காலேஜ் கவுன்சிலிங் மெயில் மொத்தமும் அதுக்குள்ள. அந்தப் பொண்ணு அழுத அழுகையைப் பாத்ததுக்கப்புறம்தான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

நம்பர் நம்மளோடதா இருந்தாலும் மெசேஜை மட்டும் நம்பிட முடியாது. மலைக்கிராமத்துல டவர் கெடைக்கற எடம் தேடிப் போயி நின்னு மெசேஜ் வர்றதுக்குள்ள ஓடிபி டைம் முடிஞ்சிடுது. ரீசார்ஜ் போடாம ரொம்ப நாள் விட்டா நம்பர் கட் ஆகி, 90 நாள் தாண்டினா வேற ஆளுக்கே குடுத்துடலாம், அப்போ நம்ம ஓடிபி அவங்களுக்குப் போகும்.

இதுக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் இருக்கு. டூ ஸ்டெப் செட் பண்றப்போ காட்டற க்யூஆர் கோடை ஒரு தடவ அந்த ஆப்ல ஸ்கேன் பண்ணிட்டா 30 செகண்டுக்கு ஒரு 6 இலக்க நம்பர் மாறி மாறி வந்துட்டே இருக்கும், அதுக்கு சிக்னலும் வேணாம் நெட்டும் வேணாம், போன்ல டைம் மட்டும் சரியா இருக்கணும், ஆட்டோமேட்டிக்ல விட்டுடுங்க. அதே க்யூஆரை அப்பவே வீட்ல இருக்கற இன்னொரு போன்லயும் ஸ்கேன் பண்ணிக்கிட்டா ரெண்டுலயும் ஒரே நம்பர் வரும், ஒண்ணு தொலைஞ்சாலும் கவலை இல்ல.

அதை விட முக்கியம் பேக்கப் கோடு, போன் கையில இல்லாதப்போ ஓடிபிக்குப் பதிலா போடறது. கூகுள் அக்கவுண்ட்ல பாதுகாப்புன்னு இருக்கற எடத்துல டூ ஸ்டெப்புக்குள்ள போனா 10 கோடு குடுப்பான், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒரு கோடு ஒரு தடவதான் செல்லும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வச்சா போன் தொலையறப்போ அதுவும் சேந்து போயிடும், அதனால பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற பையிலயே வச்சிடுங்க. தீந்துடுச்சுன்னா புதுசா எடுக்கலாம், எடுத்ததும் பழசு செல்லாது.

வெளிய கடையில லாகின் பண்றப்போ 'இந்த கம்ப்யூட்டர்ல மறுபடி கேக்க வேணாம்'ங்கற டிக்கை எடுத்துடுங்க, அதை விட்டுட்டா அந்த மெஷின்ல ரெண்டாவது ஸ்டெப்பே கேக்காது. போன்ல யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க, ஏமாந்து பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு அடிங்க.

பிரவுசிங் சென்டர் நடத்தற அண்ணன்மாருங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவசரத்துக்கு உதவி பண்றீங்க, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெக்கவரி நம்பர் (அக்கவுண்ட்டைத் திரும்ப எடுக்கறதுக்குக் கேக்கற நம்பர்) எடத்துல உங்க நம்பரைப் போடாதீங்க, அவங்ககிட்ட போன் இல்லன்னா கூட அந்த 10 கோடை பிரிண்ட் எடுத்து கையில குடுத்து அனுப்புங்க, ஒரே ஒரு பேப்பர்தான்.

ஆசிரியர் ஐயா, இதையெல்லாம் படத்தோட தமிழ்ல ஒரு அரைப் பக்கம் போடுங்க. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாடியே வந்தா பசங்க அப்ளிகேஷன் போடறதுக்குள்ள சரி பண்ணிக்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்