வேலைக்கு ஆள் வரலைன்னா அது அம்மாவுக்கு மட்டும் வந்த பிரச்சனை இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பரோட வந்த பெண்கள் இணைப்புல, வேலைக்கு ஆள் இல்லாம வீட்டை சமாளிக்கறது எப்படின்னு ஒரு முழு பக்கம் டிப்ஸ் போட்டிருந்தீங்க. முந்தின நாளே காய் நறுக்கி வைங்க, மாவு மொத்தமா அரைச்சு வைங்க, எல்லாம் சரியான யோசனைதான், நானும் செய்றதுதான். ஆனா ஒவ்வொரு டிப்ஸும் "இல்லத்தரசிகளே"ன்னுதான் ஆரம்பிக்குது. அதுலயும் தினமும் அரை மணி நேரம் முன்னாடி எழுந்திருங்கன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு உண்மையிலயே கோவம் வந்துருச்சு, அதான் இந்த லெட்டர் எழுதறேன். நான் ஏற்கெனவே அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கறவ சார். இன்னும் அரை மணி நேரத்தை என் தூக்கத்துலேருந்துதான் எடுக்கணுமா, வீட்ல வேற யார் தூக்கத்துலேருந்தும் எடுக்க முடியாதா?

நான் திருச்சி. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை, காலையில எட்டரைக்கு அங்க இருக்கணும். வீட்ல அஞ்சு பேர், நான், வீட்டுக்காரர், ப்ளஸ் ஒன் படிக்கற பையன், ஏழாவது படிக்கற பொண்ணு, மாமியார். மாமியாருக்கு 74 வயசு, மூட்டு வலி, நின்னு எதுவும் செய்ய முடியாது. எங்க வீட்டுக்கு 11 வருஷமா ஒரு அக்கா வந்துட்டிருந்தாங்க, பாத்திரம் தேய்க்கறது, பெருக்கி தொடைக்கறது, துணி காயப்போட்டு மடிக்கறது எல்லாம் அவங்கதான். போன வருஷம் சித்திரையில அவங்க பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம், லால்குடி பக்கம் போனவங்க இனிமே பேரப்பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு அங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அது அவங்க நியாயம். அப்புறம் தேடிப் பிடிச்சு ஒருத்தங்க வந்தாங்க, பஸ்ஸுக்கு ஆகற நேரத்துக்கு கட்டுப்படியாகலைன்னு ரெண்டே வாரத்துல நின்னுட்டாங்க.

முதல் மூணு மாசம் நானே எல்லாத்தையும் செஞ்சேன். நாலேகாலுக்கு எழுந்திருச்சு ராத்திரி பாத்திரத்தை தேய்ச்சு, சமைச்சு, அஞ்சு டிபன் பாக்ஸ் கட்டி, மிஷின்ல துணியைப் போட்டுட்டு ஓடுவேன், சாயந்திரம் வந்தா அந்த துணி மிஷின்லயே முறுக்கிக்கிட்டு கெட்ட வாடை அடிச்சுக்கிட்டு கிடக்கும். காலையில சமைச்ச குக்கர் காஞ்சு போய் சிங்க்ல இருக்கும். இடுப்பு வலி வந்துச்சு, ரெண்டு நாள் ஆபீஸுக்கு லீவ் போட்டேன், லீவ் போட்ட அன்னைக்கும் வீட்டு வேலைதான் செஞ்சேன்.

ஆடி மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும், கிரைண்டர் ஓடிட்டிருக்கு, நான் கிச்சன்லயே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். என் பொண்ணு வந்து எதுவும் கேக்காம குக்கரை எடுத்து தேய்க்க ஆரம்பிச்சா. முதல்ல எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு பயமா இருந்துச்சு. அவளுக்கு வயசு 12. ஹால்ல 16 வயசுப் பையன் போன் பாத்துட்டிருக்கான், அவங்க அப்பா நியூஸ் பாத்துட்டிருக்காரு, யாரும் யாரையும் எதுவும் சொல்லல, ஆனா எழுந்து வந்தது அவ மட்டும்தான். அக்கா விட்டுட்டுப் போன வேலை என்கிட்ட வந்துச்சு, என்கிட்டேருந்து நேரா என் பொண்ணு கைக்குப் போகுது. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

மறுநாள் பழைய மாத காலண்டர் தாளோட பின்பக்கத்துல வீட்ல நடக்கற வேலை எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதினேன். சமையல், பாத்திரம்னு மொத்தமா எழுதாம தனித்தனியா எழுதினேன். பால் காய்ச்சறது, தயிருக்கு உறை ஊத்தறது, வாட்டர் கேன் சொல்றது, கேஸ் புக் பண்றது, சிங்க் ஓட்டையில அடைக்கற சோத்தை எடுக்கறது, யூனிபார்ம் காலரை முன்னாடியே ஊற வைக்கறது, மாமியாருக்கு மாத்திரை தீரறதுக்குள்ள வாங்கறது, ஃப்ரிட்ஜ்ல பழசானதை எடுத்து வெளிய போடறது, அரிசியில வண்டு வந்துச்சான்னு பாக்கறது. 41 வந்துச்சு. பக்கத்துல யார் செய்றாங்கன்னு எழுதினா 36-ல என் பேரு. வீட்டுக்காரர் கெட்டவர் கிடையாது, அதை நான் சொல்லியே ஆகணும். அந்த தாளை ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தாரு, தயிருக்கு உறை ஊத்தறதுன்னு தினமும் ஒரு வேலை இருக்குன்னே எனக்குத் தெரியாதேன்னாரு. 20 வருஷமா தயிர் சாப்பிடறவர் சார். சொல்லிக்குடுக்காதது அவரோட அம்மா தப்பா, கேக்காதது என் தப்பான்னு நாங்க சண்டை போடல, வேலையைப் பிரிச்சோம்.

இப்ப எப்படி நடக்குதுன்னு சொல்றேன், உங்க வாசகர்களுக்கு உபயோகமா இருக்கும்.

எனக்கு சமைக்கறதை விட என்ன சமைக்கறதுன்னு யோசிக்கறதுதான் பெரிய பாரம். ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போதும் மனசு ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும். அதனால வாரம் முழுக்க ஒரே அட்டவணை, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு. திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும், புதன் மோர்க்குழம்பு, வியாழன் கீரை மசியலும் ரசமும், வெள்ளி திரும்ப சாம்பார், சனி தக்காளி சாதமோ எலுமிச்சை சாதமோ. வத்தக்குழம்பை செவ்வாய்க்கிழமை கூடவே வச்சுட்டா வியாழன் வரைக்கும் தொட்டுக்க ஆகும், அது நிக்க நிக்கத்தான் ருசி. காய் மட்டும் சந்தையில என்ன விலை குறைச்சலோ அதை வாங்கி மாத்திக்கறோம். அட்டவணை இருக்கறதால யார் முதல்ல கிச்சனுக்குள்ள போனாலும் பருப்பை ஊற வைக்கலாம், என்கிட்ட கேக்க வேண்டியதில்ல. குக்கர்ல அடுக்கு பாத்திரம் வச்சு அடியில பருப்பு, நடுவுல சாதம், மேல காய்னு ஒரே தடவையில முடிஞ்சுடுது.

மாவு பையனோட பொறுப்பு. சனிக்கிழமை மத்தியானம் 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 1 ஸ்பூன் வெந்தயம் ஊறப் போடுவான், சாயந்திரம் உளுந்தை முதல்ல போட்டு தண்ணி தெளிச்சு தெளிச்சு பொங்க அரைச்சு எடுத்துட்டு அப்புறம் அரிசி. முதல் ரெண்டு வாரம் மாவை மட்டும் எடுத்துட்டு கிரைண்டரை அப்படியே விட்டுட்டுப் போயிடுவான், மாவு கல்லுல காஞ்சு சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கும். அரைக்கறது பாதி வேலைதான், கல்லைக் கழுவிக் கவுத்து வச்சாதான் முழு வேலைன்னு சொல்லி, காஞ்ச கல்லை அவனையே தேய்க்க வச்சேன், அப்புறம் மறக்கல. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் வெயிலுக்கு அஞ்சு மணி நேரத்துல மாவு பொங்கி வழியும், உடனே ஃப்ரிட்ஜுக்கு போயிடணும், மார்கழியில ராத்திரி முழுக்க வெளிய வச்சாலும் பொறுமையாத்தான் பொங்கும், இதெல்லாம் இப்ப அவனே சொல்றான். முதல் ரெண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிச்சா வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசி கரண்டி மாவுல குழிப்பணியாரம்.

சாப்பிட்ட தட்டும் டிபன் பாக்ஸும் அவங்கவங்க தேய்க்கணும். சமைச்ச பாத்திரம் எல்லாம் ராத்திரி வீட்டுக்காரர். ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வர்றது முன்னாடியும் அவர்தான், இப்ப கழுவி, மசாலா வதக்கி, குழம்பு வைக்கறதும் அவர்தான். பெருக்கறது தினமும், தொடைக்கறது வாரம் ரெண்டு தடவை, அதுக்கு மேல முடியாது, வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கு ஏத்தற இடம் சுத்தமா இருந்தா போதும்னு முடிவு பண்ணிட்டோம். பையனும் பொண்ணும் ஆளுக்கு ஒரு நாள் துணி மடிக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

மாமியாருக்கு இது கஷ்டமாத்தான் இருந்துச்சு. மகன் சிங்க் முன்னாடி நின்னா அவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க, இப்பவும் அப்படித்தான். ஆனா அந்த தாளுல எனக்கு ஏன் வேலை போடலைன்னு ஒரு நாள் அவங்களேதான் கேட்டாங்க. இப்ப உக்காந்த இடத்துலேருந்து சின்ன வெங்காயம் உரிக்கறது, கீரை ஆயறது, புளியில கொட்டை எடுக்கறது எல்லாம் அவங்க கை. வெங்காயத்தை பத்து நிமிஷம் தண்ணியில போட்டு வச்சா தோல் வழுக்கிட்டு வரும், கண்ணும் எரியாது, அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அக்காவைப் பத்தியும் சொல்லணும். வேலையைப் பிரிச்சு நேரம் பாத்தப்போ அவங்க செஞ்ச பங்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் வந்துச்சு. எங்களைச் சேத்து நாலு வீடு செஞ்சாங்க, அப்ப கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், அதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் திரும்பவும் இதே வேலை. நாங்க குடுத்தது மாசம் 2,500. தீபாவளிக்கு புடவை குடுத்தோம், ஆனா வாரத்துல ஒரு நாள் லீவுன்னு நாங்களா சொன்னதே இல்ல, இன்னைக்கு நினைச்சா மனசு கூசுது. தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர்களுக்குன்னு 2007-லேருந்தே நல வாரியம் இருக்கு, அதுல பதிவு பண்ணுங்கக்கான்னு கூட நான் ஒரு தடவை சொல்லல. உங்க டிப்ஸ் பக்கத்துல "வேலைக்காரி"ன்னு போட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு அந்த வார்த்தையை விட்டுடுங்க. போன வாரம் அக்கா போன் பண்ணாங்க. பெரிய பேத்தி போற அரசு ஸ்கூல்லயே காலை சாப்பாடு போட்டுடறாங்களாம், அதனால காலையில கைக்குழந்தையை அவசரமில்லாம குளிப்பாட்ட முடியுதுன்னு சொன்னாங்க. 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில ஆரம்பிச்ச திட்டம் அது, பசியோட ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்களுக்காக. ஒரு வேளை சாப்பாட்டை வேற யாராவது ஏத்துக்கிட்டா ஒரு பொம்பளையோட காலை நேரம் எவ்வளவு மாறுதுன்னு அக்கா குரல்லயே தெரிஞ்சுச்சு.

இது என் வீட்டு கதை மட்டும்னு நினைச்சுடாதீங்க. மத்திய அரசு 2019-ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில, வீட்டு வேலை செய்ற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவு பண்றாங்க, செய்ற ஆண்கள் 97 நிமிஷம். செய்ற ஆண்களே நூத்துக்கு 26 பேர்தான். 2024-ல திரும்ப எடுத்தாங்க, பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. எங்க பத்து நிமிஷம் குறைஞ்சுச்சு சரி, ஆம்பளைங்க அதை வாங்கிக்கிட்டாங்களான்னு பாத்தா அவங்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு. 2023 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்டு, கணவர் சம்பாதிச்சு வாங்கின சொத்துல வீட்டை நடத்தின மனைவியோட உழைப்பும் இருக்கு, அவங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. கோர்ட்டே அதை உழைப்புன்னு எண்ணும்போது, ஒரு பேப்பர் அதை ஒருத்தி சீக்கிரம் எழுந்திருச்சா சரியாப்போற விஷயமா எழுதலாமா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த டிப்ஸ் பக்கத்தை நிறுத்த வேண்டாம், பெண்கள் இணைப்புலேருந்து எடுத்து மெயின் பேப்பர்ல, ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு எதிர்ல போடுங்க, எங்க வீட்ல ரெண்டு ஆம்பளைங்களும் முதல்ல திருப்பற பக்கம் அதுதான். "இல்லத்தரசிகளே"க்கு பதிலா "வீட்டில் உள்ளவர்களுக்கு"ன்னு போடுங்க. மாவு கரைசலும் ரசப் பக்குவமும் தெரிஞ்ச ஆண் வாசகர்கள் நெறைய பேர் இருக்காங்க, அவங்களை எழுதச் சொல்லுங்க. ரசத்தை தளதளன்னு கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டி வரும்போதே இறக்கணும்னு என் வீட்டுக்காரர் நாலு தடவை தப்பா வச்சு கத்துக்கிட்டாரு, அவரே எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காரு, வேணும்னா அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி.

பின்குறிப்பு: புளியை தினமும் ஊற வச்சு கரைக்கறதுக்கு நேரமில்லாதவங்க ஞாயித்துக்கிழமையே கெட்டியா கரைச்சு, உப்பு போட்டு, பச்சை வாசனை போக கொதிக்க விட்டு ஆற வச்சு, ஈரமில்லாத பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம், எங்க வீட்ல ஒரு வாரத்துக்கு அதுதான். ஈரக் கரண்டியை மட்டும் உள்ள விடாதீங்க.