வெடித்த குக்கரைக் கம்பெனியிடம் கொடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குக்கர் வெடித்தது, வாட்டர் ஹீட்டரில் ஷாக் அடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் அடியில் ‘1915-ஐ அழைக்கலாம்’ என்று ஒரு வரி அச்சாகிறது. அது தேசிய நுகர்வோர் உதவி எண். நல்ல எண்தான். தமிழிலேயே பேசலாம். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ரிப்பேர், பணத்தைத் திருப்பித் தருவது போன்றவை அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் அது சமரச வழி மட்டுமே. இழப்பீடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. உடம்பில் காயம் பட்டவர் அங்கே புகாரைப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தால், வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வழக்குகள் பெரும்பாலும் கெட்டுப்போவது நுகர்வோர் ஆணையத்தில் அல்ல, விபத்து நடந்த முதல் வாரத்தில். சர்வீஸ் ஆள் வருவார். “டெஸ்ட் பண்ணணும்” என்று வெடித்த குக்கரை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்றைக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். அத்தோடு வழக்கின் உயிர் போயிற்று. பொருளில் குறை இருந்தது என்று காட்ட வேண்டியவர் புகார்தாரர். காட்டப் பொருளே கையில் இருக்காது. ஆகவே பானை, மூடி, கேஸ்கெட், வெயிட், சேஃப்டி வால்வ் எல்லாவற்றையும் கழுவாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வென்ட் குழாய் (மூடியில் வெயிட் உட்காரும், ஆவி வெளியேறும் குழாய்) அடைத்திருந்ததா என்பதுதான் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி. கழுவிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. வென்ட் அடைத்தால்கூட சேஃப்டி வால்வ் வழிவிட்டு ஆவியை வெளியேற்றியிருக்க வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. அது வழிவிடாமல் மூடி பறந்திருந்தால் அந்தச் சின்ன வால்வே முக்கியச் சாட்சி. கம்பெனி சோதிக்க விரும்பினால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னிலையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு தவறு நடக்கிறது. பதற்றத்தில் ‘வெந்நீர் கொட்டிவிட்டது’ என்று சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடுகிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். ‘குக்கர் வெடித்ததால்’ என்று எழுதச் சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வையுங்கள். பில்லை மட்டுமல்ல, அட்டைப்பெட்டியையும் எறியக் கூடாது: தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி அதில்தான் இருக்கும். வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையின் கீழ் ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, இந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் உண்மையா, செல்லுபடியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த விற்பனைப் பக்கத்தை அன்றைக்கே படம் பிடித்து வைப்பது நல்லது. மறுவாரம் ‘100% பாதுகாப்பானது’ என்ற வாசகம் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியும், அதிலுள்ள தயாரிப்புப் பொறுப்புப் பகுதி, அதாவது குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் யார் இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் பகுதி, பலருக்குத் தெரியவில்லை. உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ இல்லாமை, கொடுத்த வாக்குறுதிக்கு மாறாக இருப்பது ஆகியவற்றுக்கு 84-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. ‘இவ்வளவு பாதுகாப்பு உண்டு’ என்று வெளிப்படையாக வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ‘நாங்கள் கவனக்குறைவாக இல்லை’ என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. விளம்பர வாசகத்தைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகவும்தான். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பெயரில்லா இறக்குமதிச் சரக்கு என்றால் 86-ஆம் பிரிவு விற்றவரைப் பிடிக்கிறது.

கம்பெனி வழக்கமாக எடுக்கும் கவசம் 87-ஆம் பிரிவு: பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள், மாற்றியமைத்தார்கள் என்பது. ‘லோக்கல் கேஸ்கெட் போட்டார்கள்’ என்று ஒரு வரி பதில் மனுவில் நிச்சயம் வரும். கேஸ்கெட், வால்வ் மாற்றிய பில்லைப் பலரும் வாங்குவதே இல்லை. தயவுசெய்து வாங்குங்கள்.

மனு எழுதும்போது ஒரு நுணுக்கம். ‘தீங்கு’ என்று சட்டம் சொல்வது உடல் காயம், அதனால் வந்த மன வேதனை, அடுப்பு, ஜன்னல் போன்ற பிற சொத்துக்கு வந்த சேதம் ஆகியவற்றை. குக்கரின் விலை அதில் சேராது. அதைக் குறையுள்ள பொருள் என்ற தலைப்பில் தனியாகக் கேட்க வேண்டும். பில் கணவர் பெயரில் இருந்து காயம் மனைவிக்கு என்றாலும் தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே.

எந்த ஆணையம் (மாவட்டமா, மாநிலமா, தேசியமா), எவ்வளவு கட்டணம் என்பதை இப்போது தீர்மானிப்பது கொடுத்த விலை, கேட்கும் இழப்பீடு அல்ல. இந்த முறை செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2,500 ரூபாய் குக்கருக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் இல்லை. விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை. மனுவோடு சேர்த்தே, பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி 38-ஆம் பிரிவில் தனி மனு கொடுங்கள். ஆய்வக அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் 45 நாள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தயங்கிப் பின்வாங்குவது பெரிய பிழை.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பற்றிய புகார் வேறு பாதை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ, பலருக்குத் தெரியாத வழியாக மாவட்ட ஆட்சியருக்கோ எழுதலாம். பொருளை வாங்கியிருக்கக்கூடத் தேவையில்லை. 21-ஆம் பிரிவில் தயாரிப்பாளருக்கும், முகம் காட்டி நடித்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் அந்தப் பணம் புகார் கொடுத்தவருக்கு வராது. உங்களுக்கு இழப்பீடு, அவர்களுக்கு அபராதம் இரண்டும் வேண்டுமானால் இரண்டு இடத்திலும் போக வேண்டும். மாவட்ட ஆணையத்திலும் 39-ஆம் பிரிவில் ‘கம்பெனி தன் செலவில் திருத்த விளம்பரம் வெளியிட வேண்டும்’ என்று கேட்க முடியும். மனுவில் கேட்காமல் விட்டுவிட்டுத் தீர்ப்பில் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் செய்யும் உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 9 அன்று வந்த வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. தமிழ் நாளிதழ்களில் பெரிய தமிழ் எழுத்தில் வாக்குறுதியும், ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கில நிபந்தனையும் இன்னும் வருகின்றன. வெளியிடுபவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வழக்கமான தொழில் முறையில் வெளியிட்டோம் என்ற பாதுகாப்பு இருக்கிறது என்றாலும், அந்த விளம்பரத்தை மத்திய ஆணையம் தடுத்தது தெரிந்தும் வெளியிட்டால் அது நிற்காது. உங்கள் விளம்பரப் பிரிவு அந்த ஆங்கில வரியைத் தமிழில் கேட்டு வாங்கினாலே போதும். விபத்துச் செய்திகளின் அடியில் 1915-ஓடு, ‘பொருளைக் கம்பெனியிடம் ஒப்படைக்காதீர்கள், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு செய்யுங்கள்’ என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
மதுரை