புலியை விடுங்கள், வேனைப் பாருங்கள்: 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காட்டுப் பயணங்கள் போகும் நம் சென்னைச் சங்கத்தின், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. ஹால் கிடைக்காமல் பொதுக்குழு செப்டம்பருக்குத் தள்ளிப்போனதால், மார்ச்சுக்கு அப்புறம் நடந்த ஒன்றிரண்டு விஷயங்களும் இதில் எட்டிப் பார்க்கும். எங்கெங்கே போனோம், என்னென்ன பறவை பார்த்தோம் என்ற பட்டியலை நான் இங்கே போடப்போவதில்லை. அது படங்களோடு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது, குட் மார்னிங் பூக்களைத் தள்ளிவிட்டுத் தேடினால் கிடைக்கும்.

இந்த ஆண்டு செயற்குழுவின் பெரும்பகுதி நேரத்தைச் சாப்பிட்டது ஒரே ஒரு கேள்விதான். வேளச்சேரியில் நடந்த கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "காட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க, சரி. அங்க யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஒருவர் 108 என்றார். "108க்குப் போன் பண்ண சிக்னல் வேணுமே தம்பி" என்றார் அவர். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து தொடங்கி, நாம் போகும் இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தோம். வனத்துறையில் வேலை பார்த்தவர்கள், வழிகாட்டிகள், நம் உறுப்பினர்களிலேயே இருக்கும் டாக்டர்கள் எனப் பலரிடம் பேசினோம். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது எல்லோரும் கேட்பது புலி, பாம்பு, சிறுத்தை. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரோடு, தண்ணீர், சரிவு, இதயம். இது நம் ஊருக்கு மட்டுமான கதையும் இல்லை. கரடியும் காட்டெருமையும் தாராளமாகத் திரியும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும், பயணிகள் விபத்தில் சாவதற்கு முதன்மைக் காரணங்கள் வாகன விபத்து, நீரில் மூழ்குவது, உயரத்திலிருந்து விழுவது என்றுதான் அந்நாட்டுப் பூங்காத் துறையே சொல்கிறது. கரடியெல்லாம் பட்டியலில் எங்கோ பின்னால்.

முதலில் ரோடு, ஏனென்றால் சங்கத்தில் அதிகம் சண்டை நடந்ததும் அதைப் பற்றித்தான். சென்னைக்காரர்களின் காட்டுப் பயணம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, ஒன்பது பத்து மணிக்கு வேனில் ஏறி, ஒரு நாள் லீவையும் ஒரு நாள் லாட்ஜ் வாடகையையும் மிச்சம் பிடிக்கிறோம் என்று ராத்திரி முழுக்க ஓட்டி, விடியற்காலையில் மலையடிவாரத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு அப்படியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது. உள்ளே நாம் தூங்குகிறோம், டிரைவர் தூங்கவில்லை. அவர் அதற்கு முந்தின நாளும் எங்காவது கல்யாண டிரிப் ஓட்டியிருப்பார். இந்த ஆண்டு ஒரு பயணத்தில் முன் சீட்டில் இருந்த உறுப்பினர், டிரைவர் தலை ஒரு நொடி சாய்ந்து நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டார். சத்தம் போடாமல், "அண்ணே, முகம் கழுவிட்டு வருவோம்" என்று வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, ஒரு பங்க்கில் அவரை இரண்டு மணி நேரம் படுக்க வைத்தார். அன்றைக்கு சஃபாரி போய்விட்டது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். சமவெளியில் வண்டி ஓட்டிப் பழகியவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார், பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மலை டிரைவர்கள் "ஏறின கியர்லயே இறங்கு" என்பது இதனால்தான். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஒரு குழுவின் கார் அந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்தது, அது கிடந்த இடம் தெரியவே இரண்டு நாள் ஆனது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வந்தது. கூகுள் மேப் இன்னமும் அதைக் குறுக்குவழியாகக் காட்டும், நம்பாதீர்கள். இன்னொரு தலைவலி, முதுமலை வழியாகப் பந்திப்பூர் போகும் சாலையின் இரவுத் தடை. இரவு 9 மணிக்கு கேட் மூடி காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மூடுவதற்குள் தாண்டிவிடலாம் என்று எட்டே முக்காலுக்குப் பறக்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு மான் மேல் மட்டுமல்ல, வண்டிக்குள் இருப்பவர்கள் மேலும் இரக்கம் வரும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தடா, நாகலாபுரம் பக்கம் குளிக்கப் போய்த் திரும்பாத சென்னைப் பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வராத கோடை இல்லை. குட்டையின் மேல்பக்கம் பச்சையாக, அமைதியாக இருக்கும், கீழே பாறை குடைந்து போயிருக்கும், பக்கவாட்டில் பாசி, ஏறப் பிடிமானம் இருக்காது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கும். மேலே மலையில் பெய்வது கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. இனி நம் பயணங்களில் வனத்துறை அனுமதித்த இடம் தவிர எங்கேயும் குளியல் கிடையாது. "குளிக்காம எதுக்குங்க அவ்ளோ தூரம்?" என்று கேட்டு இரண்டு பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பரவாயில்லை.

குரங்கணியை மறந்துவிட்டு மலையேற்றம் பற்றிப் பேச முடியாது. 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. காய்ந்த புல், மதிய நேரக் காற்று, சரிவு. தீ மேல்நோக்கி ஏறும்போது ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும் என்பது அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஆன்லைன் பதிவுக்குத் திறந்துவிட்டார்கள். கூடவே உள்ளூர் வழிகாட்டிகளும் வருகிறார்கள். கட்டணம் ஜாஸ்தி என்ற புலம்பல் நம் குழுவிலும் ஓடியது. ஓடட்டும். அந்தக் காசில் மலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் நமக்கு முன்னால் நடக்கிறார். தீ பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள், அந்த நாட்களில் "எனக்கு ஒரு ரேஞ்சரைத் தெரியும்" என்று யாராவது சொன்னால் செயற்குழு காதில் வாங்காது.

வெள்ளியங்கிரிக்குத் தனியாகப் போகும் உறுப்பினர்கள் நிறையப் பேர் என்பதால் ஒரு வார்த்தை. ஏழு மலை ஏற்றம், பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுகிறார்கள், பலர் விரதம். 2024 சீசனில் ஏறியவர்கள் சிலர் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் அடுத்தடுத்து இறந்ததும், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை மீண்டும் மீண்டும் சொன்னதும் செய்தியில் வந்ததுதான். நம் ஆட்களுக்கு பி.பி. மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வெட்கம். நாற்பது வயதுக்கு மேல் இருப்பவர்கள் கடினப் பாதைக்குப் பெயர் கொடுத்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்று இனி கேட்போம், கோபப்படாதீர்கள்.

இப்போது நீங்கள் காத்திருந்த மிருகங்கள். டாப்சிலிப் பயணத்தில் வந்தவர்களுக்கு இது தெரியும், வராதவர்களுக்காக எழுதுகிறேன். காடர் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு குச்சி. ஒரு திருப்பத்தில் நின்று, குனிந்து, முறிந்து கிடந்த மூங்கில் கழியின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை. பாதையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டார், மண் நமக்கு முன்பக்கமாக, மூங்கில் புதரை நோக்கி நகர்ந்து விழுந்தது. காற்று நம் வாசனையை அங்கே கொண்டுபோகிறது என்று அர்த்தம். யானைக்குப் பார்வை சுமார்தான், மூக்குதான் எல்லாம். "கிட்டத்துலதான் நிக்குது, திரும்பலாம்" என்றார், அவ்வளவு மெதுவாக. நம்மில் ஒருவர், "காசு கட்டியிருக்கோமே, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். வழிகாட்டி பதிலே சொல்லவில்லை. பாதையின் நடுவில் நின்றுகொண்டு, கடைசி ஆள் திரும்பி நடக்கும் வரை நகரவில்லை. யானையை நாம் பார்க்கவே இல்லை. என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த பயணம் அதுதான்.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் பைக்கில் வந்த ஜெர்மன் நாட்டுப் பெரியவர் ஒருவரை யானை தாக்கி அவர் இறந்தார். யானை ரோட்டில் நின்றால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அது போகும்வரை காத்திருப்பதுதான் ஒரே வழி, பைக்கில் இருப்பவருக்கு இது இரண்டு மடங்கு. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் ஒருவர் வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுக்கப் போய், யானை துரத்தி, கீழே விழுந்து, கால்சட்டை கழன்று உயிர் தப்பிய வீடியோவை நம் குழுவில் எல்லோரும் சிரிப்புப் படத்தோடு பகிர்ந்தீர்கள். அவருக்குக் கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. சிரித்தவர்களில் இரண்டு பேர் நம் சஃபாரி வண்டியின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுத்தவர்கள், பெயர் வேண்டாம்.

அத்தனை தூரம் எதற்கு, கிண்டி இருக்கிறது. வெறும் 2.7 சதுர கிலோமீட்டர், ஊருக்கு நடுவில் வெளிமானும் புள்ளிமானும் நரியும் இருக்கிற தேசியப் பூங்கா. பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனபோது ஒரு பாட்டி பேரனிடம் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து "கொரங்குக்குப் போடு கண்ணு" என்றார். குரங்கு ஒன்று ஒன்றாக வாங்குமா? பாக்கெட்டையே பிடுங்கியது, பையனின் புறங்கையில் நகம் கீறியது. சின்னக் கீறல்தான், மஞ்சள் வைத்தால் போதும் என்று பாட்டி. நம் டாக்டர் உறுப்பினர் விடவில்லை, குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்து, நேராக ரேபிஸ் ஊசிக்கு அனுப்பினார். நாய்க்கடி போலவே குரங்குக் கீறலுக்கும் ஊசி தேவைப்படும் என்பது அங்கே இருந்த பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

பாம்பு வகுப்பு நன்றாகப் போனது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நச்செடுப்பதைப் பார்த்தோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதனால் கடித்த பாம்பைத் துரத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, அப்படிப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்கள் உண்டு. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குபவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம் என்று கேட்டபின், முகாமில் தரையில் பாய் போட்டுப் படுக்கும் நம் வீரர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். முதலுதவிப் பெட்டியும் விசில்களும் வாங்கிய செலவைப் பற்றிக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், ரசீது இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் போவதற்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டிருந்தார்கள், ஆகவே கடைசி நேரத்தில் "நானும் என் மச்சானும் எங்க கார்ல வந்துடறோம்" என்பது நடக்காது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வரும் தீர்மானங்கள் இவை. இரவு 10 மணிக்குமேல் சங்க வேன் ஓடாது, வழியில் சேலத்திலோ ஈரோட்டிலோ தங்கல், டிரைவருக்கும் படுக்கை. அதற்கான கூடுதல் பணத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்பதை எழுதிச் சென்னையில் இருக்கும் ஓர் உறுப்பினரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம், சொன்ன நேரம் தாண்டினால் அவர் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்வார். மதியம் 3 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம், உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும். வழிகாட்டி சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. புதிய படிவத்தில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற மூன்று கட்டங்களையும் காலியாக விடாதீர்கள்.

ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், வேனில் ஏறியபிறகு வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்