கடல் பக்கத்துக் கேற்றைத் திறந்து விடுங்கள்

கொழும்பு மரைன் டிரைவ் ஓரத் தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

மெயின்டனன்ஸ் காசு, ஜெனரேட்டர் டீசல், வாகனத் தரிப்பிடச் சண்டை போன்ற பழைய வழக்குகள் எதையும் இந்த மடலில் தொட மாட்டேன். பயப்படாமல் வாசியுங்கள். வெயில் காலம் வந்துவிட்டது, கடலும் அடங்கிவிட்டது. ஆனால் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை நம் தொடர்மாடிகள் பலவற்றில் கடல் பக்கத்துப் பின் கேற்றைப் பின்னேரம் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறீர்கள். மொட்டைமாடிக் கதவில் வருடம் முழுக்கப் பூட்டுத் தொங்குகிறது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ‘ஈரக் காலுடன் ஏற வேண்டாம்’ என்று ஒட்டியிருக்கிறது. மே மாத நடுப்பகுதி வரைக்குமாவது இந்த மூன்றையும் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏன் அதுவரைக்கும் என்றால், கடல் நமக்குத் தருகிற தவணை அவ்வளவுதான். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிடும். அப்புறம் செப்டெம்பர் வரைக்கும் அலை பாறாங்கல்லில் மோதி, நமக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிற ரயில் தண்டவாளத்துக்குத் தெறிக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலில் வெயிலும் அடங்கிய கடலும் ஒன்றாக வாய்க்கின்றன. ஏப்ரல் 7 அளவில் சூரியன் கொழும்பின் நேர் உச்சிக்கு வருகிறது. நண்பகலில் கேற்றுக் கம்பியின் நிழல் கம்பியின் காலடியிலேயே கிடக்கும். வெப்பநிலை என்னவோ 32 பாகை அளவில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற உறவுக்காரர், ‘இதெல்லாம் ஒரு வெயிலா’ என்று சிரிப்பார்கள். அதே ஆட்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி ஃபானைக் கூட்டி வைப்பார்கள். இங்கே ஆளை வாட்டுவது புழுக்கம். வியர்வை உடம்பிலேயே நிற்கும், காயாது.

இதற்கான மருந்து நம் பின்வாசலிலேயே இருக்கிறது. பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வருகிறது. முற்பகலில் தொடங்குகிற அந்தக் காற்று பின்னேரம் நன்றாக வீசும். பொழுதுபட்டுத் தரை ஆற ஆறத் தளர்ந்துவிடும். ஆக, அலுவலகம், பாடசாலை, டியூஷன் எல்லாம் முடிந்து வருகிற ஒருவருக்கு மிஞ்சுவது ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நேரம் மட்டும்தான். ஏப்ரலில் இங்கே சூரியன் மறைவது ஆறேகால் அளவில். நீங்கள் ஆறு மணிக்குப் பூட்டுவது, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது தியேட்டரில் லைட்டைப் போடுகிற மாதிரி.

அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. வெள்ளவத்தையில் மணல் இருக்கிற இடம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அரிப்பைத் தடுக்கப் போட்ட கல். அந்தக் கல்லில் நாலு வயதானவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரசியல் கதைப்பார்கள். அபாயா அணிந்த பெண்கள் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டிருப்பார்கள். சிங்களப் பையன்கள் அலையில் குதிக்க, நம் பிள்ளைகள் முழங்கால் வரை நின்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த கிழமை அவர்களும் குதிப்பார்கள். ரயில் வந்தால் கதை எல்லாம் அப்படியே நிற்கும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சின்னதுகள் கை காட்டும், அவர்களும் ஒரு கையை எடுத்துக் காட்டுவார்கள், பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும்.

உங்கள் ‘ஈரக் கால்’ அறிவித்தலுக்கு ஆட்கள் கண்டுபிடித்திருக்கிற வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மூடியில் ஆணியைச் சுட்டு நாலைந்து துளை போட்டு, அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள் அம்மாமார். பிள்ளை அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கும். அம்மா போத்தலைக் கவிழ்த்து நசித்து, விரலிடுக்கில் ஒட்டிய மணலைப் பெருவிரலால் வழித்துவிடுவாள். அந்தக் காலைச் செருப்பில் வைத்து மற்றக் காலைத் தூக்குவதற்குள் முதல் கால் செருப்பை விட்டுத் திரும்பவும் மணலில் நிற்கும். ஒரு பிள்ளைக்கே போத்தல் காலி. பிறகு துவாயால் துடைத்து, தண்டவாளத்துச் சல்லி செருப்பில் ஏறாமல் தூக்கிக்கொண்டு கடந்து, பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டு, ஒழுங்கையைச் சுற்றி முன்வாசலுக்கு வர வேண்டும். அங்கே செக்யூரிட்டி அண்ணன் முதலில் பார்ப்பது பிள்ளையின் காலை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. மணல் லிஃப்டின் கதவுத் தடத்தில் விழுந்தால் கதவு சிக்கும், குளியலறைக் குழாயில் போனால் அடைக்கும். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்பதும் உண்மைதான். ஆனால் கடல் பக்கத்து ஏசி இயந்திரங்களும் ஜன்னல் கம்பிகளும் துருப்பிடித்து உதிர்வது பிள்ளைகளின் காலால் இல்லை. வருடம் முழுக்கக் காற்றோடு வருகிற உப்பால். அதற்கு அறிவித்தல் ஒட்ட முடியாதே.

மணலுக்கு ஒரு கால் கழுவும் குழாய் போதும். பின் கேற்றுக்கு உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு பைப், அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடித் தானே நிற்கிற வகை. கீழே சொரசொரப்பான சீமெந்துத் தரை, அதன் நடுவில் கம்பி வலை மூடிய ஒரு சிறு குழி. தண்ணீர் வெளியேறுகிற குழாயைக் குழியின் அடியில் வைக்காமல் ஒரு சாண் மேலே வைத்தால், மணல் அடியில் தங்கும், தண்ணீர் மட்டும் போகும். கிழமைக்கு ஒரு தடவை வலையைத் தூக்கி மணலை அள்ளினால் சரி. ஒரு மேசனுக்கும் ஒரு பிளம்பருக்கும் இரண்டு நாள் வேலை இருக்காது. லொபியில் பளிங்குத் தரைக்குச் செலவழித்த கட்டடங்களுக்கு இது ஒரு காசா?

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். அதைத்தான் நான் லேசாக எடுக்க மாட்டேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் என்றாலே கையைப் பிசைகிற தாய்மார் நம் மாடிகளில் இருக்கிறார்கள். ஆனால் அன்றாட ஆபத்து தண்டவாளத்தில் இருக்கிறது. அது இரட்டைப் பாதை. ஒரு ரயில் போய் முடிந்ததும் ஓடுகிறவர்களுக்கு, அதன் மறைவில் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற மற்ற ரயில் தெரியாது. அலைச் சத்தத்தில் ரயில் சத்தம் கேட்பதும் கஷ்டம், காதில் இயர்போன் வேறு. கேற்றைப் பூட்டினால் இந்த ஆபத்து குறைகிறதா? சுற்றி வர நேரமாகும் என்று மதிலேறிக் குதிக்கிற பையன்களை நானே பார்த்திருக்கிறேன். பூட்டுக்குப் பதிலாகக் கேற்றுக்கு அருகில் ஒரு நல்ல விளக்குப் போடுங்கள். பலகை வைக்கத்தான் வேண்டுமென்றால் பயனுள்ளதாக எழுதி வையுங்கள்: இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும், மழை பெய்த அடுத்த நாள் கால்வாய் கடலில் விழுகிற பக்கம் இறங்க வேண்டாம், அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில்தான் தண்ணீர் வெளியே இழுக்கும், இழுத்தால் கரையை நோக்கி முட்டாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தவும். தமிழ், சிங்களம் இரண்டிலும்.

பூட்டினால் யாருக்கு நட்டம் என்பதையும் யோசியுங்கள். ஆண்களுக்குக் காலி வீதியில் தேநீர்க் கடை இருக்கிறது, எந்த நேரமும் போகலாம். ஆறரைக்கு வேலை முடிந்து வருகிற பெண்ணுக்கும் அவளுடைய பிள்ளைக்கும் கடற்காற்று வேண்டுமென்றால் இருட்டு ஒழுங்கையைச் சுற்ற வேண்டும். காலி முகத்திடல் நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதித் தனக்குப் பின் வருகிறவர்களிடம் அதைப் பரிந்துரைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனதிலிருந்த பெண்கள் யார் என்பது வேறு கதை. என்றாலும் வெள்ளைக்கார நிர்வாகிக்கு அவ்வளவு காலத்துக்கு முன்பே தோன்றியது, பெண்ணே இல்லாத நம் குழுக்கள் சிலவற்றுக்குத் தோன்றவில்லை.

மொட்டைமாடி விஷயம் சுருக்கமாக. தண்டவாளம் கடக்க முடியாத முதியவர்களுக்கு அதுதான் கடற்கரை. முற்றத்தில் பாய் போட்டுப் படுத்து வளர்ந்தவர்கள் இப்போது ஆறாம் மாடியில் இரண்டு அறைக்குள் இருக்கிறார்கள். தண்ணீர்த் தாங்கிகளைக் கம்பி வலையால் மறித்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தைச் சரிபார்த்து, இரவு ஒன்பது வரை திறந்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் கதிரையை அவரவரே கொண்டு வருவார்கள். போயா (பௌர்ணமி) இரவில் நிலவும் காற்றும் சும்மா கிடைக்கும். ஏப்ரல் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை கட்டினால் மட்டும் உடனே இறக்கிப் பூட்டுங்கள், அதில் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கேற்றுச் சாவியை எட்டு மணி வரைக்கும் செக்யூரிட்டியிடமே விட்டுவிடுங்கள். பிளம்பரும் மேசனும் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர இரண்டு கிழமையாவது ஆகும். அதற்குள் பிள்ளைகளின் விடுமுறை முடிந்துவிடும். ஆகவே இந்தக் கிழமையே கூப்பிட்டு விலை கேளுங்கள். காசு போதாதென்றால் அறிவித்தல் பலகையில் தொகையைப் போடுங்கள், எங்கள் மாடியில் நாங்கள் சேர்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியிலிருந்து