பிரிஸ்பேனுக்கு ஒரு சால்வை

நோபிள் பார்க், மெல்பேர்ண்
2025 நவம்பர்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதே, தம்பி. உன் பக்கத்தில் நின்று சின்னவள் "அப்பம்மா, எனக்கு லயன்ஸ் ஜேர்சி" என்று துள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கக்கூடியதாக உன்னோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் அவளுடைய காரியம். ஜேர்சியை வாங்கிக் கொடு. அவள் பிறந்த ஊர் பிரிஸ்பேன், லயன்ஸ் அந்த ஊரின் ஆஸ்திரேலியக் காற்பந்து அணி. 2024 இறுதிப் போட்டியில் சிட்னியை 60 புள்ளிகளால் வென்றார்கள், இந்த வருடம் ஜீலோங்கை 47 புள்ளிகளால் வென்றார்கள். அடுத்தடுத்து இரண்டு கிண்ணம் தூக்கிய ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையின் மனம் வேறு எங்கே போகும்? நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உன்னுடைய காரியம் வேறு. "எனக்கு இந்த முறை செயின்ட் கில்டாவின் உறுப்பினர் சந்தா கட்டாதீர்கள் அம்மா, ஐம்பத்தொன்பது வருடமாக நடக்காதது இனியும் நடக்காது" என்றாய். கணக்கு சரி. மெல்பேர்ணின் பல அணிகளில் ஒன்றான நம் செயின்ட் கில்டாவுக்கு 1966க்குப் பிறகு கிண்ணம் இல்லை. அதற்கு முன்பும் இல்லை. பட்டியலின் அடியில் முடிக்கும் அணிக்கு மரக்கரண்டி என்று சொல்வார்களே, அது நமக்கு 27 தடவை கிடைத்திருக்கிறது. வேறு எந்த அணிக்கும் அத்தனை இல்லை. இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நான் எப்படி இந்த அணிக்குள் வந்தேன் என்பதை உனக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

1989இல் நானும் அப்பாவும் இங்கே வந்து இறங்கியபோது இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் உன் மாமாமார் உருண்டைப் பந்தை உதைத்ததைத்தான் கண்டிருந்தேன். இங்கே பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், கோல் பக்கத்தில் இரண்டுக்குப் பதிலாக நான்கு கம்பங்கள், நடு இரண்டுக்குள் போனால்தான் கோல், அதற்கு ஆறு புள்ளி. 1992இல், செயின்ட் கில்டாவின் மைதானம் இருந்த மொறாபின் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெரியவர் ஒருவர் இருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், எவ்வளவு குளிராக இருந்தாலும், யன்னலைத் திறந்துவிடச் சொல்வார். மைதானத்தில் சனம் கத்துவது காற்றோடு வரும். அந்தச் சத்தத்தை வைத்தே "இது கோல்", "இது தவறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு படுத்திருப்பார்.

அந்த வருடத்தோடு மொறாபினில் போட்டிகள் நின்றுபோயின. அடுத்த வருடம் முதல் வேவர்லி பார்க்கில் விளையாடினார்கள். யன்னலைத் திறந்தால் வாகனச் சத்தம் மட்டும்தான். பெரியவர் சாப்பிடுவது குறைந்துபோயிற்று. ஒருநாள் என் கையைப் பிடித்து, "வேவர்லி உன் வீட்டுக்குக் கிட்டத்தானே, எனக்காகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு" என்றார். டிக்கெட்டுக்குக் காசும் தந்தார். நீ அப்போது கைக்குழந்தை. உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை அவர் என்னிடம் கேட்டதெல்லாம் கடைசிக் கால்பகுதியைப் பற்றித்தான். யார் ஓடினான், யார் களைத்துப்போனான், எந்தப் பக்கம் காற்று அடித்தது. முதல் தடவை குளிர் தாங்காமல் இடையில் எழுந்து வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு போட்டி முடியும் சைரன் ஊதும்வரை நான் இருக்கையை விட்டு எழுந்ததே இல்லை. நீ நடக்கத் தொடங்கியதும் உன்னையும் கொண்டுபோனேன். ஒரு குடுவையில் தேத்தண்ணீர், கடதாசியில் சுற்றிய ரோல்ஸ், உன் காதை மூட ஒரு கம்பளித் தொப்பி. 1997இல் நம்முடைய அணி பட்டியலில் முதலாவதாக வந்ததல்லவா, அந்தக் குளிர்காலத்தில்தான் பெரியவர் கண்ணை மூடினார். இறுதிப் போட்டியில் அடிலெய்டிடம் 31 புள்ளிகளால் தோற்றதை அவர் பார்க்கவில்லை.

அவர் 1966 இறுதிப் போட்டியன்று எம்.சி.ஜி. என்ற மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் நின்றவர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்துக்குள் ஒருவராக நின்று பார்த்தவர். கொலிங்வூட்டும் செயின்ட் கில்டாவும் 73க்கு 73 என்று நிற்க, முடியும் தறுவாயில் பாரி பிரீன் உதைத்த பந்து கோலுக்குள் போகாமல் கோல் கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே உருண்டது. பிஹைண்ட், ஒரே ஒரு புள்ளி. 74க்கு 73. நமக்குக் கிடைத்த ஒரே கிண்ணம் குறி தவறிய ஓர் உதையால் கிடைத்தது, தம்பி. குறி தவறினாலும் ஒரு புள்ளி தரும் விளையாட்டு என்று முதலில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. ஏன் தரவேண்டும் என்று பெரியவரைக் கேட்டேன். "கிட்டப் போனவனுக்கு ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும்" என்றார்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். 1897இல் லீக் தொடங்கியபோது செயின்ட் கில்டா அதில் இருந்தது. முதல் மூன்று பருவங்களில் ஒரு போட்டிகூட வெல்லவில்லை. தொடர்ந்து 48 தோல்விகள். 1900இல் முதல் போட்டி மெல்பேர்ண் அணியோடு சமநிலையில் முடிந்தது. மூன்றாம் கால்பகுதியின் மணி அடித்த பிறகு எதிரணிக்கு ஒரு புள்ளி சேர்த்திருக்கிறார்கள் என்று நம் கழகம் முறையிட்டது. முறையீடு ஏற்கப்பட்டது. அப்படி ஒரு புள்ளியால் வந்ததுதான் முதல் வெற்றி.

2010 இறுதிப் போட்டியை நான் உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. உனக்குப் பதினேழு வயது. எம்.சி.ஜி.யின் மேல்தட்டில் என் பக்கத்தில் நின்றாய். நம் லெனி ஹேய்ஸ் உதைத்த பந்து கோலுக்கு முன்னால் விழுந்து, நம் மில்னின் கைக்கு வராமல் விலகித் துள்ளி, ஒரு புள்ளியாகப் போனது. 68க்கு 68. சைரன் ஊதியபோது யாரும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஒரு கிழமை கழித்து மறு போட்டியில் 56 புள்ளிகளால் தோற்றோம். வீட்டுக்கு வரும் ரயிலில் நீ வாயே திறக்கவில்லை. டண்டினோங் பாதை முழுவதும் உன் தலை என் தோளில் கிடந்தது. அன்றுதான் உனக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது என்று நினைக்கிறேன். அது பிழை என்று நான் சொல்லவில்லை. பதினேழு வயதில் அது பெரிய அடி.

ஆனால் இந்த வருடம் ஜூலை 27ஐப் பற்றி உன்னோடு பேச வேண்டும். மெல்பேர்ண் அணியோடு போட்டி. மூன்றாம் கால்பகுதி முடிவில் 46 புள்ளிகள் பின்னால் நின்றோம். "முடிந்தது அம்மா, அணைத்துவிட்டேன்" என்று நீ செய்தி அனுப்பினாய். அப்பாவும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் இருந்தேன். வெல்வார்கள் என்று நம்பியா இருந்தேன்? இல்லை, ராசா. திங்கட்கிழமை யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அந்தப் பழக்கத்தில் இருந்தேன்.

ஒரு கோல், பிறகு இன்னொன்று. 30க்குள் வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. 20க்குள் வந்தபோது கையில் கரண்டியோடு வந்து நின்றார். சில விநாடிகள் இருக்கும்போது நம் நசாயா வங்கனீன்-மிலேரா ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான். மத்தியில் பந்தை மறுபடி போட வேண்டும். அந்த நேரத்தில் முன்னே ஆறு, நடுவே ஆறு, பின்னே ஆறு என்று ஒவ்வொரு அணியும் நிற்க வேண்டும். 2019இல் வந்த விதி. மெல்பேர்ண் அணி அப்படி நிற்கவில்லை. நடுவர் ஊதலை ஊதி நம் ரோவன் மார்ஷலின் கையில் பந்தைக் கொடுத்தார். அவன் முன்னே உதைக்க, அதே பிள்ளை அதை ஏந்திப் பிடித்தான். சைரன் ஊதிவிட்டது. பிடித்தவனுக்கு உதைக்கும் உரிமை உண்டு. உதைத்தான். ஆறு புள்ளிகளால் வெற்றி. கடைசிக் கால்பகுதியில் அவ்வளவு பின்னால் இருந்து இந்த லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் மீண்டு வென்றதில்லை.

அப்பா அழுதார். உனக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். நீ சின்னவளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாய். அதைப் பிறகு காணொளியில் பார்த்தாய் என்று தெரியும். முடிவு தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

ஒரு வெற்றியை வைத்து அம்மா கனவு காண்கிறாள் என்று நீ சொல்லலாம். 18 அணிகளில் 12ஆவதாக முடித்தோம், 2024இலும் அதே 12ஆவது இடம்தான். அது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் ஓகஸ்ட்டில் அந்தப் பிள்ளை நசாயா நம் அணியோடு இன்னும் இரண்டு வருடங்களுக்குக் கையெழுத்திட்டான். அடிலெய்டில் பிறந்து வளர்ந்தவன், ஊருக்குத் திரும்பிவிடுவான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கிவிட்டான். ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும், அப்படித் தங்குவது லேசான முடிவு இல்லை. அதற்குப் பிறகு கார்ல்டனிலிருந்து டொம் டி கோனிங், ஜாக் சில்வாக்னி, கோல்ட் கோஸ்டிலிருந்து சாம் ஃபிளாண்டர்ஸ், வெஸ்ட் கோஸ்டிலிருந்து லியாம் ரையன் வந்திருக்கிறார்கள். பணம் கொடுத்து ஆள் சேர்ப்பதில் எனக்குப் பாதி மனம்தான். பெரியவர் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். இருந்தாலும் நம்மிடம் வர விரும்பும் வீரர்கள் என்று ஒரு காலம் இருந்ததா என்று யோசித்துப் பார்.

என் பயம் எது என்று கேட்டால், அவசரம். 2014இல் அடியில் முடித்தபடியால் இளம் வீரர்களை அணிகள் பகிர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமை நமக்கு வந்தது. பேடி மெக்கார்ட்டினை எடுத்தோம். இரண்டாவதாக மெல்பேர்ண் எடுத்தது கிறிஸ்டியன் பெட்ராக்காவை. 2021 இறுதிப் போட்டியில் சிறந்த வீரர் பதக்கம் அவருக்குத்தான். ஆதரவாளர்கள் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பொருமுகிறார்கள். நான் அதில் சேர்வதில்லை. மெக்கார்ட்டினுக்குத் தலையில் அடி மேல் அடி பட்டு மூளை அதிர்ந்தது. ஒரு தாயாக அந்தப் பிள்ளையின் தலையை நினைத்தேனே தவிர, கிடைக்காத பதக்கத்தை நினைக்கவில்லை. நம் மாக்ஸ் கிங் முழங்கால் காயத்தோடு இந்த வருடம் முழுவதும் வெளியே இருந்ததும் அப்படித்தான். இவர்கள் யாரோ வீட்டுப் பிள்ளைகள். அவசரப்படாமல் குணமாகி வரட்டும். காத்திருக்க நமக்குத் தெரியும்.

பயிற்சியாளர் ரொஸ் லயன் 2009லும் 2010லும் நம்மை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர், விட்டுப் போனவர், 2023இல் திரும்பி வந்தவர். அவரை மன்னித்துவிட்டாயா என்று நீ ஒருமுறை கேட்டாய். மன்னித்துவிட்டேன். கழகமும் பயிற்சிக்குச் சீஃபோர்டுக்குப் போய், 2018இல் மொறாபினுக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது பெண்கள் அணியும் அங்கேதான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வேலி ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்தேன். பெரியவர் படுத்திருந்த கட்டடம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

இனி நான் கேட்கப்போவது. மார்ச் மாதம் எனக்கு இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்துச் சத்திரசிகிச்சை. வெண்படலம் தடித்துவிட்டது, ஜூலையிலேயே பந்து எங்கே போகிறது என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தேன். பருவம் தொடங்கும் முதல் சில கிழமைகள் தொலைக்காட்சியில் என்னால் பார்க்க முடியாது. அப்பாவுக்குப் பொறுமை இல்லை, பாதியில் எழுந்து போய்விடுவார். நீ பார். பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல். சின்னவள் மடியில் இருந்து லயன்ஸுக்குக் கத்தினாலும் பரவாயில்லை. முதல் மூன்று கால்பகுதிகளை நீ சுருக்கமாகச் சொல்லலாம். கடைசிக் கால்பகுதியை மட்டும் ஒன்றும் விடாமல் சொல், யார் ஓடினான், யார் களைத்தான், காற்று எந்தப் பக்கம் என்று.

உன் பெயருக்குச் சந்தாவை நேற்றே கட்டிவிட்டேன். மிளகாய்த்தூள், ஒடியல்மா, மருமகளுக்குப் பருத்தித்துறை வடை எல்லாம் பார்சலில் வைத்திருக்கிறேன். அடியில் உன் பழைய செயின்ட் கில்டா சால்வையும் இருக்கிறது. கறுப்பு ஓரம் பிரிந்துபோயிருந்தது, தைத்துவிட்டேன். கண் சரியாகத் தெரியாததால் தையல் கொஞ்சம் கோணல்.

அன்புடன்,
அம்மா