கேள்வி பதில் பக்கத்தை ஆலிமாக்களுக்கும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற இதழில் பெண்களின் மார்க்கக் கல்வி பற்றி வந்த கட்டுரையை எங்கள் மதரஸாவில் மாணவிகளோடு உட்கார்ந்து படித்தோம். கட்டுரையாளரின் நல்லெண்ணம் வரிக்கு வரி தெரிந்தது. ஆனால், பெண்கள் ஓதி, ஆலிமாவாகி (மார்க்க அறிஞராகி), பாடம் நடத்துவதெல்லாம் காலத்தை அனுசரித்து இப்போது செய்துகொடுத்த புது ஏற்பாடு என்பதுபோல் அவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. வரலாறு அப்படி இல்லை.

"ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள்" என்று நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் நேரில் கேட்டார்கள். அவர்களும் நாள் குறித்து, அன்று வந்து போதித்தார்கள். ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் கல்வி பற்றிய பாடத்திலேயே இந்த ஹதீஸ் இருக்கிறது. உதிரப்போக்கு நிற்காமல் அவதிப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி), "நான் தொழுகையை விட்டுவிடலாமா?" என்று கேட்டார். கூடாது, இது மாதவிடாய் அல்ல, வேறு இரத்தம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். இஸ்திஹாளா எனும் இந்தத் தொடர் உதிரப்போக்கு பற்றி ஃபிக்ஹு கிதாபுகள் (மார்க்கச் சட்ட நூல்கள்) பக்கம் பக்கமாகப் பேசுகின்றனவே, அதற்கெல்லாம் அடிப்படையாக நிற்கும் ஹதீஸ்களில் இந்தப் பெண் கேட்ட கேள்வியும் ஒன்று. மார்க்கத்தைத் தெரிந்துகொள்ள வெட்கம் தடையாக இல்லாத அன்ஸாரிப் பெண்களை (மதீனத்து முஸ்லிம் பெண்களை) நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தவை 2,210 ஹதீஸ்கள் என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அடிக்கடி சொல்கிறோம். சரி. ஆனால் அவர்கள் கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனவர்கள் அல்லர். குடும்பத்தார் அழுவதால் மய்யித்துக்கு (இறந்தவருக்கு) வேதனை உண்டு என்று உமர் (ரலி), இப்னு உமர் (ரலி) போன்ற பெரியவர்கள் அறிவித்தபோதே, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி மறுத்தார்கள். ஸஹாபாக்களின் (நபித்தோழர்களின்) அறிவிப்புகளை அவர்கள் இப்படித் திருத்திய இடங்களைத் திரட்டி இமாம் ஸர்கஷீ ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் தனி நூலே எழுதினார். பயான்களில் எண்ணிக்கையைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆயிஷா (ரலி) அவர்கள் வளர்த்த மாணவிகளில் ஒருவர் அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான். இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் அவரைப் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. மதீனாவில் அதிகாரப் பொறுப்பில் இருந்தவர் அபூபக்ர் பின் முஹம்மது. இரும்பு வளையங்களைத் திருடியதாக ஒரு நபதி இனத்தவரைப் பிடித்து, கையை வெட்டுவதற்காகச் சிறையில் வைத்திருந்தார். செய்தி அம்ராவின் காதுக்கு எட்டியது. உமையா என்ற பெண்ணை அவரிடம் அனுப்பினார். அபூபக்ர் மக்கள் நடுவே அமர்ந்திருந்த நேரம். உமையா அங்கேயே போய் நின்று, "உங்கள் சின்னம்மா அம்ரா கேட்கிறார்: என் சகோதரி மகனே, அற்பப் பொருளுக்காக ஒருவரைப் பிடித்து வைத்து, கையையும் வெட்டப்போகிறாயாமே?" என்றார். ஆமாம் என்றார் அவர். "கால் தீனாரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளுக்கு அல்லாமல் கைவெட்டு இல்லை என்று அம்ரா சொல்கிறார்." அபூபக்ர் அந்த மனிதரை விடுவித்துவிட்டார். இதை நமக்குச் சொல்பவரே அந்த அபூபக்ர்தான்.

எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்வேன். ஒரு பெண்ணுக்கு ஒரு ஹதீஸும் அதன் சட்டமும் துல்லியமாகத் தெரிந்திருந்ததால் ஒரு மனிதரின் கை தப்பியது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் ஹதீஸ்களைத் தொகுக்க விரும்பியபோது, அம்ராவிடம் உள்ளவற்றை எழுதி எடுங்கள் என்று கடிதம் அனுப்பியதும் இதே அபூபக்ருக்குத்தான்.

பிற்காலத்திலும் இது அறுந்துபோகவில்லை. மத்திய ஆசியாவின் மர்வ் நகரைச் சேர்ந்த கரீமா மக்காவில் தங்கி ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்தார். ஹிஜ்ரி 463ல் மறைந்தார். ஹஜ்ஜுக்கு வந்த ஹதீஸ் அறிஞர் கதீப் அல்பக்தாதி அவர்முன் அமர்ந்து புகாரியை ஓதிச் சென்றார். ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) ஸமர்கந்தைச் சேர்ந்த ஃபாத்திமாவின் பெயர் தெரியாதவர்கள் இருக்கக் கூடாது. அவருடைய தந்தை எழுதிய ஃபிக்ஹு நூலுக்கு அவரை மணந்த இமாம் காஸானீ எழுதிய விரிவுரைதான் அவருக்கு மஹர் (மணக்கொடை). அவர்கள் வீட்டிலிருந்து வெளிவந்த ஃபத்வாக்களில் (மார்க்கத் தீர்ப்புகளில்) தந்தையின் கையெழுத்தோடு அவருடைய கையெழுத்தும் இருந்தது. திருமணத்துக்குப் பிறகு கணவரின் கையெழுத்தும் சேர்ந்தது. அறிவிப்பாளர்களைச் சல்லடை போட்டுச் சலித்த இமாம் தஹபீ, பொய்யர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணையும் தாம் அறியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். இதைவிடப் பெரிய நற்சான்று ஒரு ஹதீஸ் அறிவிப்பாளருக்கு என்ன வேண்டும்?

இது அரபு நாடுகளோடு நின்ற கதையும் அல்ல. இன்றைய வட நைஜீரியாவின் ஸொகோட்டோவில் 19ஆம் நூற்றாண்டில் நானா அஸ்மாஉ பெண் ஆசிரியைகளைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பினார். பாடங்களைக் கவிதையாக எழுதிக் கொடுத்தார். வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்குக் கல்வி வீடு தேடிப் போனது. இந்தோனேசியாவின் பாடாங் பாஞ்சாங்கில் ரஹ்மா அல் யூனுஸிய்யா 1923ல் பெண்களுக்கென மதரஸா தொடங்கினார். அதைப் பார்த்த எகிப்தின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத் தலைமை அவருக்கு ஷைகா (பெண் மார்க்க அறிஞர்) பட்டம் அளித்துக் கௌரவித்தது. பெண்களுக்கான பிரிவை அல் அஸ்ஹர் திறந்தது அதற்கும் பிறகுதான்.

இவ்வளவையும் சொல்வது பெருமை பேச அல்ல. பெருமை பேசுவதில் நமக்குக் குறைவே இல்லை. அந்தப் பெண்களிடம் பெரிய ஆலிம்களும் வந்து உட்கார்ந்தார்கள், ஸனது (கற்றதற்கான சான்று) வாங்கினார்கள், "இன்னாரிடம் கேட்டேன்" என்று பெயர் சொல்லி எழுதினார்கள். இன்று பெண்கள் மதரஸாக்கள் பெருகியிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல இடங்களில் பாடத்திட்டத்தைச் சுருக்கித்தான் கொடுக்கிறார்கள். உஸூலுல் ஃபிக்ஹ் (சட்ட அடிப்படைகள்), அறிவிப்பாளர் ஆய்வு, வாரிசுரிமைக் கணக்கு என்று வரும்போது, பெண்களுக்கு இது போதும் என்று மூடிவிடுகிறார்கள். பட்டம் வாங்கிய பிள்ளை சின்னக் குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறாள். அது உயர்ந்த பணி, நானும் செய்கிறேன். ஆனால் மேலே படிக்க ஆசைப்படுகிறவளுக்குக் கிதாபும் இல்லை, கேட்டுத் தெளிய உஸ்தாதும் இல்லை என்றால் அந்த இல்மு அங்கேயே தேங்கிவிடும்.

அப்புறம், எங்களிடம் வரும் பெண்கள் சொல்வது இது. ஹைளு (மாதவிடாய்) பற்றி ஒரு சந்தேகம் என்றால் அதைக் கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் தயங்கித் தயங்கி இமாமிடம் கேட்க வேண்டும். எத்தனை நாள், என்ன நிறம் என்று இமாம் திருப்பிக் கேட்டால் கணவருக்குப் பதில் தெரியாது. கடைசியில் பாதி விவரத்துக்கு ஒரு பதில் வீடு வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் தொழலாமா வேண்டாமா, விட்ட நோன்பை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்கிறாள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நபியவர்களிடமே நேராகக் கேட்டதைப் படித்துக்கொண்டே இப்படி நடந்துகொள்கிறோம்.

உங்கள் இதழின் மார்க்கக் கேள்வி பதில் பகுதியை நான் தவறாமல் படிக்கிறேன். கேள்வி அனுப்புகிறவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். பதில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களின் தகுதியைக் குறை சொல்லவில்லை. அவர்களோடு தகுதியுள்ள ஆலிமாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களின் தூய்மை பற்றிய கேள்விகளோடு அவர்களை நிறுத்திவிடாமல் ஜகாத், வாரிசுரிமை, வியாபாரச் சட்டங்களையும் கொடுங்கள். பதிலுக்குக் கீழே அவர்கள் பெயரைப் போடுங்கள். அவர்கள் எழுதியதில் பிழை இருந்தால் ஆண் ஆலிம்களின் பதில்களைத் திருத்துவதுபோலவே ஆதாரம் காட்டித் திருத்தட்டும். பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் அனுப்பி உதவ நாங்கள் தயார்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
பெண்கள் மதரஸா ஆசிரியை ஒருவர்