துருவை மூடி ஒட்டாதீர்கள்

வண்டிகளுக்குச் சத்தம் குறைக்கும் டேம்பிங் ஷீட் தயாரிப்பவர்களுக்கும், அதை ஒட்டித் தரும் பட்டறைக்காரர்களுக்கும்,

வணக்கம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் உங்களைத் தேடி வருவது நியாயம்தான். கியர் பெட்டியின் ஊளையும் பெரிய டயரின் இரைச்சலும் தகடுகளின் அதிர்வும் சேர்ந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஷீட் ஒட்டினால் இதில் ஒரு பகுதி குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஒட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒட்டுகிறீர்களே, அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் வாங்கிய பழைய வண்டியின் தரை முழுக்க இந்த ஷீட்டின் வெள்ளித் தாளாகப் பளபளத்தது. எழும்பியிருந்த ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். ஷீட்டோடு துருச் செதில்களும் பாளம் பாளமாகக் கையில் வந்தன. ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தில் கீழே மண் தெரிந்தது. ஒட்டிய பட்டறை எது என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்வதில் பயனில்லை, பல பட்டறைகளில் வேலை இப்படித்தான் நடக்கிறது.

ஷீட்டின் அடியில் தகட்டோடு ஒட்டும் ப்யூட்டைல் ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது என்று சொல்லி விற்கிறீர்கள். சரிதான். ஆனால் தண்ணீர் ரப்பருக்குள் போக வேண்டியதில்லை, ஓரத்தின் வழியாக அடியில் போனால் போதும். முன் கண்ணாடியின் காய்ந்த ரப்பர், பானட்டை ஒட்டிய காற்றுத் துவாரம், ஹீட்டர் குழாய், தேய்ந்த கதவு ரப்பர் என்று பழைய வண்டிக்குள் தண்ணீர் வர வழிகள் பல. ஆற்றில் இறக்கினால் சேறும் கூடவே வரும். சரியாக உருட்டி அழுத்தாத ஷீட்டின் அடியிலும், இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்ட் வைத்துச் சேர்த்த மடிப்பிலும் அந்த ஈரம் தங்கிவிடும். திறந்த தரையாக இருந்தால் காற்றுபட்டு உலர்ந்திருக்கும். மூடிய இடுக்கில் ஆக்சிஜன் குறைவான உள்பகுதிக்கும் காற்று படும் ஓரத்துக்கும் இடையே மின்வேதி வேறுபாடு உண்டாகி, உள்ளே இருக்கும் இரும்புதான் அரிக்கப்படுகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். அது ஷீட்டை மேலே தூக்க, இன்னும் தண்ணீர் இறங்குகிறது. வண்டிக்காரருக்கோ மேலே பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

இத்தனைக்கும் தரை முழுவதையும் மூட வேண்டிய தேவையே இல்லை! தகடு அதிரும்போது ப்யூட்டைல் படலம் தகட்டுக்கும் மேலே உள்ள அலுமினியத் தாளுக்கும் நடுவில் இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றுகிறது. அகலமான தட்டைத் தகட்டின் நடுவே கால்வாசி முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பலன் வந்துவிடும். மடிப்பும் வெல்டும் இருக்கும் இடம் இயல்பாகவே விறைப்பானது, அங்கே ஷீட்டுக்கு வேலை குறைவு. ஆகவே மடிப்புகளையும் வடிகால் ஓட்டைகளையும் ரப்பர் அடைப்பான்களையும் விட்டுவிட்டு ஒட்டுங்கள். டயர் இரைச்சலைத் தடுக்க ஷீட்டை அடுக்குவதைவிட, தரையிலும் ஃபயர்வாலிலும் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) இருக்கும் தேவையற்ற பொத்தல்களை அடைத்து, கதவு ரப்பரை மாற்றுவது மேல். அப்படிச் செய்தால் தண்ணீர் வரும் வழியும் அடைபடும்.

ஒட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியதைத்தான் நீங்கள் அதிகம் தவிர்க்கிறீர்கள். கார்பெட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் அடித்துப் பார்த்து, கசிவை முதலில் நிறுத்துங்கள். கம்பெனியில் போட்ட பழைய தார்ப் பட்டைகளின் அடியிலும் துரு இருக்கலாம்; உலர் பனிக்கட்டி வைத்தால் பட்டை நொறுங்கும் அளவுக்கு விறைத்து, சுத்தியலால் தட்டினாலே உதிரும். கையுறை அவசியம், கதவுகள் திறந்திருக்கட்டும், ஏனென்றால் வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. பிறகு பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். உளுத்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் வைக்க வேண்டும். துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தேய்க்க முடியாத குழிகளுக்கு உதவும், உதிரும் துருவுக்கு மருந்தாகாது. சுத்தமான தகட்டின்மேல் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, மடிப்புகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், பிறகு பெயிண்ட். எல்லாம் முழுதாகக் காய்ந்த பிறகு, ஆல்கஹாலால் துடைத்து ஷீட்டை ஒட்டி, காற்று தங்காமல் உருளையால் அழுத்துங்கள்.

கதவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியின் ஓர இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே அமைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகளை மூடினால் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கீழ் ஓரத்தை விட்டுவிட்டு ஒட்டுங்கள், அங்கே மெழுகு வகைத் துருத்தடுப்பைத் தெளியுங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் அலுமினியப் பலகைகள் இரும்புச் சட்டத்தில் பொருந்தும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமே அரிக்கப்படும். அங்கே ஷீட் வேண்டவே வேண்டாம்.

மேலே போடும் ஃபோமையும் கார்பெட்டையும் தரையோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் ஃபோமும் சணல் ஃபெல்ட்டும் காட்டு வண்டிக்கு ஆகாது. தண்ணீரை உறிஞ்சாத, மூடிய கண்களுள்ள ஃபோமானாலும் கழற்றி எடுக்கும்படி இருக்கட்டும். தண்ணீரில் இறங்கி வந்தவர் அன்றைக்கே தூக்கி உலர்த்துவார்.

தயாரிப்பாளர்களே, 'துருவின் மேல் ஒட்டாதீர்கள், வடிகாலை மூடாதீர்கள்' என்ற இரண்டு வரியைப் பெட்டியின் முகப்பிலேயே அச்சிடுங்கள். முழுத் தரையும் மூடிய விளம்பரப் படங்களை நிறுத்துங்கள். பட்டறை நண்பர்களே, ஒட்டுவதற்கு முன் தகட்டைப் படம் எடுத்து வண்டிக்காரரிடம் காட்டுங்கள். துரு இருந்தால், அது சரியாகும்வரை ஒட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். இன்றே ஒட்டித் தரச் சொல்லி அவர் அவசரப்பட்டாலும் அசையாதீர்கள்.

அன்புடன்,
பழைய வண்டி ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்